யாரு ஊட்டு சோறு இது?

போன மாதம் கல்பனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஹாலுக்கு அவள்தான் கேப்டன். ஹோட்டலில் இனி மெனு அட்டையே கிடையாதாம். மேசை மேல் சின்னதாக ஒரு கட்டம் ஒட்டிவிடுவார்களாம், வருகிறவர்கள் செல்போனைக் காட்டி அவரவருக்கு வேண்டியதை அவரவரே தட்டிக்கொள்வார்களாம். பழைய தோல் அட்டைகளை மூட்டை கட்டும்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது அவளுக்கு.

"அண்ணே, ஒரே மெனுவ ரெண்டு தினுசா அடிச்சி வச்சிக்கிறீங்க. ஒண்ணுல வெல கீது, ஒண்ணுல வெலயே இல்ல. பிரஸ்காரன் தப்பா அடிச்சிட்டானா?"

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அவளும் விடவில்லை. பையன்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், கதை விடாமல் நடந்ததை எழுதுங்கள் என்று உத்தரவு போட்டாள். நடந்ததையே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இத்தாலிச் சாப்பாட்டு ஹால் என்று சொன்னால் இப்போதும் சிரிப்பவர்கள் உண்டு. வாசலில் சரக்கு லாரி வரிசை. பக்கத்தில் இரும்பு உருக்கும் ஆலை. காற்று திசை மாறினால் சன்னல் விளிம்பெல்லாம் கறுப்புத் தூள். அதற்கு நடுவே கஞ்சி போட்ட வெள்ளை மேசை விரிப்பும், துணி நாப்கினும், நாங்கள் மாட்டிக்கொண்டு திரிந்த கறுப்பு வெயிஸ்ட்கோட்டும். டைல்ஸ் இயந்திரம் செய்யும் இத்தாலிக் கம்பெனி ஒன்று இங்கே கடை விரித்தபோது, அந்த ஆட்களை நம்பி எங்கள் முதலாளி நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் இந்த ஹாலைக் கட்டினார். அவர்கள் ஊரிலேயே குறைந்துகொண்டு வரும் பழைய பாணி இது என்று அங்கிருந்து வந்தவர்களே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வாந்தி. பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குடும்பம் எங்களுடையது. படகு கரையை விட்டு நகர்ந்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மீன்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குப்பமே சிரிக்காதா? சிரித்தது. அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டு ஹோட்டல் வேலைக்கு அனுப்பினார். பாத்திரம் கழுவி, தண்ணீர் ஊற்றி, தட்டு தூக்கி, மெல்ல மெல்ல வெயிட்டர் ஆனேன். அந்த வருஷங்களை விரித்து எழுத ஒன்றுமில்லை. கால் வலித்தது, கற்றுக்கொண்டேன்.

எழுத வேண்டியது அந்தோணிராஜ் சாரைப் பற்றி. ஹால் முழுவதும் அவர் ராஜ்ஜியம். இத்தாலிப் பயணிக் கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்து, தலை நரைத்த பிறகு கரை ஏறியவர். மீசைக்கு மட்டும் மை பூசுவார், தலையை அப்படியே விட்டுவிடுவார். ஏன் என்று கேட்கிற தைரியம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை. மேசை விரிப்பைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரு சுருக்கம் தட்டுப்பட்டாலும் அத்தனையையும் எடுத்துவிட்டு மறுபடி விரிக்க வேண்டும். ஹாலில் யாரையும் திட்ட மாட்டார், தன் சட்டைக் கைப்பொத்தானை ஒரு முறை தொடுவார். அதைப் பார்த்தவன் பின்னாலேயே, தட்டு அடுக்குகிற பேன்ட்ரி அறைக்குப் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற குரலில், ஏழு தலைமுறைக்கும் உறைக்கிற மாதிரி கேட்பார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

அவருக்குச் சட்டம் நிறைய. ஒரு தட்டு முடிந்து மேசையில் கடைசி ஆள் முள்கரண்டியைக் கீழே வைக்கும்வரை யார் தட்டையும் எடுக்கக் கூடாது. தொடாத தட்டை எந்தக் காரணத்துக்கும் தூக்கக் கூடாது. ஏன் சாப்பிடவில்லை என்று விருந்தாளியைக் கேட்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: மேசைக்கு ஒரே ஒரு முதலாளிதான். அழைத்தவர் எவரோ அவர். விலை போட்ட மெனு அவர் கைக்கு மட்டும் போகும். மற்றவர்களுக்கு விலை இல்லாத மெனு, அழைக்கப்பட்டவன் விலையைப் பார்த்துச் சாப்பிடக் கூடாது என்பதற்காக. பரிமாறும்போது விருந்தாளிப் பெண்களில் வயதானவருக்கு முதலில், பிறகு மற்றவர்களுக்கு. முதலாளிக்கு எப்போதும் கடைசியில். கதவருகே நின்றுகொண்டு சார் திடீரென்று கேட்பார், "அந்த மேசைக்கு யார் முதலாளி?" சட்டென்று பதில் வர வேண்டும்.

இதில் விளையாடினால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்தேன். ஒரு கம்பெனி மேலாளர் பள்ளிப்பட்டிலிருந்து தன் மாமனாரை அழைத்து வந்திருந்தார். மாந்தோப்புக்காரர், தலையில் பெரிய உருமால் கட்டு. புதிதாகச் சேர்ந்திருந்த வெயிட்டர் ஒருவன், பெரியவர் என்ற மரியாதையில் விலை போட்ட மெனுவை அவர் கையில் கொடுத்துவிட்டான். அவர் வலது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். மூடி வைத்தார். தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். மருமகன் எவ்வளவு கெஞ்சியும், தண்ணீரையும் ரொட்டிக் குச்சியையும் தவிர அன்று எதுவும் உள்ளே போகவில்லை. இலவசமாக வைக்கிற ரொட்டிக் குச்சி மட்டும் மூன்று குவளை காலியானது. வயிற்று வலிக்காரர் கொறித்த வேகத்தைப் பார்த்து, பேன்ட்ரியில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சாருக்குக் கீழே நான் கேப்டன் ஆன பிறகு நடந்ததுதான் கல்பனாவின் கேள்விக்குப் பதில்.

லூக்கா என்று ஓர் இத்தாலிப் பையன். அந்த டைல்ஸ் இயந்திரக் கம்பெனியில் இன்ஜினியர். இங்கே வந்து வருஷக்கணக்காகி, பிட்டர்களோடும் வெல்டர்களோடும் பழகிப் பழகி, கும்மிடிப்பூண்டிக்காரனாகவே பேசுவான். அதே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் நித்யா. இருவருக்கும் பிடித்துப்போனது தொழிற்பேட்டைக்கே தெரியும், ஆரம்பாக்கத்தில் அவள் வீட்டுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அவள் அப்பா எத்திராஜ் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். பையனைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்றிருக்கிறார். லூக்காவின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், மறுநாள் திரும்ப வேண்டும். அதனால் ஞாயிறு மதியம் எங்கள் ஹாலில் இரு குடும்பமும் சந்திப்பது என்று முடிவானது. லூக்காவே வந்து மேசை சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். லூக்காவின் அம்மா வெள்ளை முடியை வாரிச் சுருட்டி, முத்து மாலை போட்டு, நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்திருந்தார். எதிரே எத்திராஜ், சலவை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக. பக்கத்தில் அவர் மனைவி சகுந்தலா. அழைத்தவன் லூக்கா, ஆகவே விலை போட்ட மெனு அவனுக்கு. முதல் தட்டு வந்தது: எண்ணெயில் வாட்டிய கத்திரிக்காய், குடைமிளகாய், ஆலிவ் காய், இரண்டு துண்டு சீஸ். சகுந்தலா அம்மாளுக்கு முதலில் வைத்தேன், பிறகு எத்திராஜுக்கு, பிறகு நித்யாவுக்கு. லூக்காவின் அம்மா அவன் வீட்டு ஆள் என்பதால் அவருக்கு அதற்கப்புறம். லூக்காவுக்குக் கடைசியில்.

எத்திராஜ் தொடவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தார். அவர் தொடாததால் சகுந்தலா அம்மாளும் தொடவில்லை, ரொட்டிக் குச்சியைப் பார்ப்பதும் கணவரைப் பார்ப்பதுமாக இருந்தார். விருந்தாளி தொடாமல் லூக்காவின் அம்மா எப்படித் தொடுவார்? அந்த ஊர்த் தாய்மாருக்கு, போட்ட சாப்பாட்டை ஒருவர் ஒதுக்குவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவர் முகம் மெல்லச் சிவந்தது. லூக்கா பேசிப் பார்த்தான். எத்திராஜ் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். வேலையைப் பற்றிக் கேட்டார், ஊரைப் பற்றிக் கேட்டார். கை மட்டும் மடியிலேயே இருந்தது. கத்திரிக்காய் தட்டிலேயே காய்ந்தது.

நான் கலங்கிவிட்டேன். தட்டை எடுக்க முடியாது, அடுத்ததைக் கொண்டுவர முடியாது, காரணமும் கேட்க முடியாது. கை கழுவப் போவதுபோல் எழுந்து வந்த நித்யா, வழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் தளும்பியது.

"அண்ணே, அப்பா முடிவு பண்ட்டு தான் வந்துக்கிறார். மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொல்ல மனசு வராம, சாப்டாம குந்திக்கினு கீறார். இப்ப எழுந்துட்டார்னா அவ்ளோதான். அப்புறம் யார் சொன்னாலும் பேச்ச மாத்த மாட்டார்."

அவளை அனுப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் எத்திராஜ் பக்கம் போனேன். வேறு ஏதாவது கொண்டு வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் பேச்சிலிருந்தே பழவேற்காட்டுப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்திருப்பார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்டார்.

"நைனா, யாரு ஊட்டு சோறு இது?"

ஹோட்டல் சாப்பாடுதானே ஐயா என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

"எங்கப்பா காலத்துல ஆண்டை ஊட்டு கொல்லப்பக்கம் நின்னு வாங்கித் துன்னோம். நான் சம்பாரிக்க ஆரம்பிச்சதுலருந்து, யாரு ஊட்டு சோறுன்னு தெரியாம கை வச்சதில்ல."

அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. பெண் கொடுப்பது முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம். என் கல்யாணப் பேச்சுக்கு வந்த மாமனார்கூட, அம்மா வைத்திருந்த மடவை மீன் குழம்பை மூக்கால் மட்டும் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து போனவர்தான். நித்யா ஹோட்டல்தானே என்று நினைத்துவிட்டாள். லூக்காவுக்கு வெல்டர்கள் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள், சம்பந்தம் பேசுகிற முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை. எத்திராஜ் கணக்கில் அழைத்தவன் லூக்கா, ஆகவே இது லூக்கா வீட்டுச் சோறு. மேசைக்கு ஒரே முதலாளி என்று அந்தோணிராஜ் சார் சொல்வதையேதான் இவரும் சொல்கிறார். மனிதர் மறுக்கவில்லை! இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

லூக்காவைக் கண்ணால் அழைத்தேன். பேன்ட்ரி வாசலுக்கு வந்தான், வியர்த்திருந்தது.

"அண்ணே, இன்னா பேஜாரா கீது. சாப்பாடு சரி இல்லியா? பிரியாணி வரவைக்கட்டா?"

"பிரியாணியும் வாணாம், ஒண்ணும் வாணாம். அந்த மெனுவ எங்கிட்ட குடு. இன்னிக்கி நீ விருந்தாளி."

"நான் தான அண்ணே கூப்ட்டேன்?"

"கூப்ட்டது நீ. சோறு போடறது அவரு. கம்முனு போய் குந்து."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் மேசைக்குப் போய் அந்தத் தோல் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். அந்த நம்பிக்கைக்காகவே அவனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு நான் செய்யக் கூடாததைச் செய்தேன். தொடாத தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். லூக்காவின் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். தட்டு, கரண்டி, தண்ணீர்க் கோப்பை எல்லாம் போய் மேசை வெறுமையானது. பழைய விரிப்பை உருவினேன். புதிய விரிப்பை உதறும்போது ஹாலின் கோடியிலிருந்து அந்தோணிராஜ் சார் நடந்து வருவது தெரிந்தது. கைப்பொத்தானைத் தொடப் போகிறார் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷ வேலையும் இதோடு சரி என்றே நினைத்தேன். பக்கத்தில் வந்தவர் மேசையைப் பார்த்தார், என் கக்கத்தில் இருந்த மெனுவைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் நின்று, விரிப்பின் அந்த நுனியைப் பிடித்து இழுத்தார். புறங்கையால் ஒரு முறை தடவினார். அடுத்து அவர் போய் நின்ற இடம் எத்திராஜின் நாற்காலிக்குப் பின்னால். மேசையின் முதலாளிக்குப் பின்னால் தவிர அவர் வேறெங்கும் நிற்க மாட்டார்.

விலை இல்லாத மெனுவை நான்கு பேருக்கும் கொடுத்தேன். விலை போட்டதை எத்திராஜ் கையில் வைத்தேன்.

"ஐயா, இது உங்க மேச. உங்க விருந்தாளிங்களுக்கு இன்னா போடலாம்னு நீங்க சொல்லுங்க."

அவர் திறந்தார். வலது ஓரத்தில் பார்வை இறங்கியது. எனக்குப் பள்ளிப்பட்டு உருமால்காரர் ஞாபகம் வந்தது. எத்திராஜ் மெனுவை மூடி மேசை மேல் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெலய பாத்தா விருந்து போட முடியுமா. நல்லதா போடு நைனா. அந்தம்மா தூரத்துலருந்து வந்துகீறாங்க, மொதல்ல அவங்களுக்கு வை."

எங்கள் சட்டமும் அதேதான். மேசையின் முதலாளி மாறினால் பரிமாறுகிற வரிசையும் மாற வேண்டும். பழவேற்காட்டு இறால் போட்ட பாஸ்தா வந்ததும் சகுந்தலா அம்மாளைத் தாண்டிப் போய் லூக்காவின் அம்மாவுக்கு முதல் தட்டை வைத்தேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எத்திராஜுக்குப் பின்னால் நின்ற சாரைப் பார்த்தார், எத்திராஜ் முன்னால் இருந்த மெனுவைப் பார்த்தார். பழைய வழக்கத்தில் வளர்ந்த பெண்மணி, யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மகனிடம் ஏதோ சொன்னார். நாம் இன்றைக்கு இவர் வீட்டு விருந்தாளிகள் என்றாராம். முள்கரண்டியை எடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எத்திராஜைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

அதற்கு மேல் அந்த மேசையைக் கட்டுப்படுத்த எங்களால் முடியவில்லை. எல்லோருக்கும் வைத்த பிறகு கடைசியாக வாங்கிக்கொண்ட எத்திராஜ், வீட்டுக்காரர் முறைப்படி உபசரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வை, தம்பி தட்டு காலியாகக் கிடக்கிறது பார் என்று என்னை விரட்டினார். பழைய பாணியில் இரண்டாம் தடவை வைப்பது கிடையாது. நான் சாரைப் பார்த்தேன். அவர் தானே பேன்ட்ரிக்குப் போய் இரண்டாம் தடவைக்கு எடுத்து வந்தார். முழுக் கொடுவா மீனை உப்புக்குள் புதைத்துச் சுட்டு, மேசைக்குப் பக்கத்தில் வைத்து அந்த உப்பு ஓட்டை உடைத்துக் காட்டுவது என் வேலை. உடைத்தபோது எழுந்த ஆவியில் சகுந்தலா அம்மாள் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். எத்திராஜ் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு மீனைக் கையால் பிட்டார். அதைப் பார்த்த லூக்காவின் அம்மாவும் முள்கரண்டியைப் போட்டுவிட்டு விரலால் முள் எடுக்க ஆரம்பித்தார். கரண்டி பிடிப்பதில் அவ்வளவு கறார் பார்க்கிற அந்தோணிராஜ் சார் சன்னலுக்கு வெளியே லாரிகளை வேடிக்கை பார்த்தார்.

நித்யாவுக்கு மட்டும் எதுவும் இறங்கவில்லை. எனக்கும் புரிந்தது. அப்பா தன் சோற்றைத்தான் சாப்பிடுகிறார். வந்தவர்களைக் கௌரவமாகச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு, நாளைக்கு முடியாது என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்கிறது. நான் தட்டுகளைக் காலியாக வைத்தேனே தவிர, பதிலை வாங்கித் தரவில்லை.

இனிப்பும் முடிந்தது. சின்னக் கோப்பையில் கெட்டிக் காபியும், நனைத்துத் தின்ன பாதாம் போட்ட கடின பிஸ்கட்டும்தான் பாக்கி. அதோடு மேசை முடிந்துவிடும். மேசையின் முதலாளியைத்தான் கேட்க வேண்டும். காபி கொண்டு வரட்டுமா ஐயா என்று கேட்டேன்.

எத்திராஜ் லூக்காவைப் பார்த்தார். அவன் அந்த நேரம் சகுந்தலா அம்மாளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மகளைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நாப்கினால் விரல்களைத் துடைத்து, மடித்து வைத்தார். மெனு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"காபி மட்டும் அந்தப் புள்ள ஊட்டுதா இருக்கட்டும், நைனா."

சகுந்தலா அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நித்யா அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். லூக்கா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அந்த அட்டையை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். என் கண்ணும் நனைந்திருந்தது, மறைக்க முயலவில்லை.

கல்பனா, செல்போனில் தட்டி வரவழைக்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று பையன்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த இரண்டு அட்டையில் ஒரு ஜோடியையாவது மூட்டையிலிருந்து வெளியே எடுத்து வை.

காபியை அன்று சாரே போட்டார். தட்டில் ஐந்து கோப்பைகளோடும் பிஸ்கட்டோடும் மேசைக்கு வந்தேன். புது விரிப்பு போட்டதிலிருந்து முதல் தட்டு தனக்கே வந்ததால் லூக்காவின் அம்மா கையை மேசை மேல் வைத்துக் காத்திருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் முதல் கோப்பையைச் சகுந்தலா அம்மாள் முன்னால் வைத்தேன். இரண்டாவதை எத்திராஜ் முன்னால் வைத்தேன். லூக்காவின் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை மறுபடி மகனுடையதாகிவிட்டது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மகன் மேசையில் எதையும் தொடாதிருந்த எத்திராஜ் இப்போது பிஸ்கட்டை, டீக்கடையில் பொறையை நனைப்பது போல, காபியில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார். மூன்றாவது கோப்பை நித்யாவிடம் போவதற்குள் லூக்காவின் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்.